பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்தைப் பெரிய நிறுவனம் வாங்கிவிட்டால், உரிமத்தைப் புதுப்பிக்கலாமா?

20 மார்ச் 2025 – வாசகர் கேள்வி

எங்கள் அலுவலகத்தில் 140 கணினிகள் இருக்கின்றன. ஆறு ஆண்டுகளாக ஒரு சிறிய நிறுவனத்தின் ஆன்ட்டிவைரஸைப் பயன்படுத்தி வருகிறோம். குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த நிறுவனத்தை ஒரு பெரிய தொழில்நுட்ப நிறுவனம் வாங்கிவிட்டதாகச் சென்ற வாரம் மின்னஞ்சல் வந்தது. "உங்களுக்கு எதுவும் மாறாது" என்று அதில் எழுதியிருக்கிறார்கள். மூன்று ஆண்டுக்கான பணத்தை இப்போதே கட்டினால் நல்ல தள்ளுபடி என்று விற்பனையாளர் தினமும் அழைக்கிறார். எங்கள் உரிமம் மே மாதக் கடைசியில் முடிகிறது. கட்டலாமா, ஐயா? விஸ் என்ற கிளவுட் பாதுகாப்பு நிறுவனத்தை 3,200 கோடி டாலருக்கு வாங்கப்போவதாகக் கூகுள் அறிவித்த செய்தியைப் படித்ததிலிருந்து குழப்பம் கூடிவிட்டது.

20 மார்ச், இரவு – பதில்

மூன்று ஆண்டுக்குக் கட்டாதீர்கள். காரணத்தை நாளை விரிவாக எழுதுகிறேன்.

22 மார்ச்

2008இல் திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி அலுவலகத்தின் கணினிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அறுபது கணினிகள், ஒரு மின்னஞ்சல் சர்வர். சர்வரில் வரும் கடிதங்களைச் சலித்து அனுப்பவும் கணினிகளைக் காக்கவும் ஒரு சிறிய நிறுவனத்தின் ஆன்ட்டிவைரஸை நான்தான் பரிந்துரைத்து வாங்க வைத்திருந்தேன். அந்த நிறுவனம் விலைபோனது. எனக்கும் "எதுவும் மாறாது" என்று கடிதம் வந்தது. நான் அதை நம்பினேன். (பெயரைச் சொல்லப்போவதில்லை. அங்கே வேலை பார்த்தவர்கள் திறமைசாலிகள். நடந்ததற்கு அவர்கள் பொறுப்பில்லை.)

ஒவ்வொரு நாள் காலையும் அதன் நிர்வாகத் திரையைத் திறந்து பார்ப்பேன். பச்சை நிறத்தில் ஒரு குறி இருக்கும், அதன் பக்கத்தில் "கடைசிச் சோதனை: இன்று காலை 6.00" என்று இருக்கும். ஒருநாள் கணக்குப் பிரிவில் ஒருவர் இன்வாய்ஸ் என்று வந்த இணைப்பைத் திறக்க, மதியத்துக்குள் நான்கு கணினிகள் முடங்கிவிட்டன. அதன் பிறகுதான் திரையின் அடியில் சிறிய எழுத்தில் இருந்த இன்னொரு வரியைப் படித்தேன். வைரஸ் அடையாளக் கோப்பின் (புதிய வைரஸ்களை அடையாளம் காட்டும் பட்டியல்) தேதி 41 நாட்களுக்கு முந்தையதாக இருந்தது. எங்கள் சர்வர் தினமும் தவறாமல் போய்க் கேட்டிருக்கிறது. அந்த நிறுவனத்தின் சர்வரும் தவறாமல் "புதிதாக ஒன்றுமில்லை" என்று பதில் சொல்லியிருக்கிறது. கேள்விக்குப் பதில் வந்துவிட்டதால் மென்பொருள் பச்சைக் குறியைக் காட்டியிருக்கிறது. அந்தக் கோப்பைத் தயாரித்தவர்களை வேறு வேலைக்கு மாற்றிவிட்டார்கள் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரியவந்தது.

தட்டச்சு மென்பொருளை ஒரு நிறுவனம் கைவிட்டால், இருப்பதை வைத்துப் பத்து ஆண்டு ஓட்டலாம். ஆன்ட்டிவைரஸில் அது நடக்காது. நாம் பணம் கொடுத்து வாங்குவது நாளைக் காலை வரவேண்டிய கோப்பை. அதை எழுதப்போகும் ஆட்களின் உழைப்பை. நிறுவனம் கைமாறும்போது ஆட்டம் காண்பதும் அதுதான்.

23 மார்ச்

"இது உங்கள் ஒருவருக்கு நேர்ந்த விபத்தாக இருக்கலாமே" என்று கேட்டிருக்கிறீர்கள். ஊரறிந்த இரண்டு நிகழ்வுகளைச் சொல்கிறேன்.

ருமேனியாவில் ஜீகாட் என்ற நிறுவனம் ராவ் என்ற ஆன்ட்டிவைரஸைத் தயாரித்துவந்தது. லினக்ஸில் (விண்டோஸுக்குப் போட்டியான இயங்குதளம்) மின்னஞ்சல் சர்வர் வைத்திருந்தவர்களிடையே அதற்கு மிக நல்ல பெயர். 2003 ஜூனில் மைக்ரோசாஃப்ட் அந்தத் தொழில்நுட்பத்தை வாங்கிக்கொண்டு, ராவ் விற்பனையை நிறுத்தப்போவதாக அறிவித்தது. விண்டோஸைத் தயாரிக்கும் நிறுவனம் லினக்ஸ் சர்வருக்காக ஆன்ட்டிவைரஸ் எழுதிக்கொண்டிருக்க எந்தக் காரணமும் இல்லை. இரண்டாவது, சைகேட். வீட்டுக் கணினிகளில் பலர் இலவசமாகப் போட்டிருந்த ஃபயர்வால் அது. 2005இல் சைமன்டெக் வாங்கியது. அதே ஆண்டின் இறுதிக்குள் அந்தத் தனிநபர் ஃபயர்வால் நிறுத்தப்பட்டது. சைமன்டெக்கிடம் ஏற்கெனவே நார்ட்டன் என்ற சொந்தப் பாதுகாப்பு மென்பொருள் இருந்தது. சைகேட்டில் அதற்குத் தேவைப்பட்டது பெருநிறுவனங்களுக்கான பகுதி மட்டுமே.

ஆகவே என் முடிவு: பெரியவர் வாங்கினால் சிறியது சாகும்.

25 மார்ச்

மேலே எழுதிய கடைசி வரியைத் திரும்பப் பெறுகிறேன். விண்டோஸுக்குள் நடப்பதைக் காட்டும் கருவித் தொகுப்பான சிஸ்இன்டர்னல்ஸை நினைவூட்டிய வாசகருக்கு நன்றி. அதைத் தினமும் பயன்படுத்தும் நானே மறந்திருக்கக் கூடாது.

சிஸ்இன்டர்னல்ஸ் கருவிகளை எழுதிய மார்க் ருசினோவிச்தான், சோனி பிஎம்ஜியின் இசைத் தட்டுகள் கணினிக்குள் ரகசியமாக ரூட்கிட் ஒன்றை (தன்னை ஒளித்துக்கொள்ளும் நிரல்) நிறுவுவதை 2005 அக்டோபர் 31 அன்று உலகுக்குச் சொன்னவர். அவருடைய நிறுவனத்தை 2006 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, அதோடு அந்தக் கருவிகளின் கதை முடிந்தது என்றுதான் என்னைப் போன்றவர்கள் நினைத்தோம். பத்தொன்பது ஆண்டுகளாகியும் பிராசஸ் எக்ஸ்ப்ளோரரும் ஆட்டோரன்ஸும் இலவசமாகவே கிடைக்கின்றன. 2014இல், கணினியில் நடப்பதைப் பதிவு செய்யும் சிஸ்மான் என்ற புதிய கருவியும் சேர்ந்தது. இன்று ஊடுருவலை ஆராய்பவர்கள் அதில்லாமல் வேலை செய்வதில்லை.

ராவை மூடிய அதே நிறுவனம்தான் சிஸ்இன்டர்னல்ஸை வளர்த்தது. அப்படியானால் வாங்குபவர் நல்லவரா கெட்டவரா என்று கேட்பதில் பயனில்லை. நாம் பயன்படுத்தும் பொருளால் வாங்கியவருக்கு என்ன ஆதாயம் என்று கேட்க வேண்டும். சிஸ்இன்டர்னல்ஸ் கருவிகள் விண்டோஸைச் சரிபார்ப்பவர்களின் கையில் இருப்பது விண்டோஸுக்கு நன்மை. ராவ் நன்றாக இருந்தால் நன்மை லினக்ஸுக்கு.

26 மார்ச்

மைக்ரோசாஃப்ட் 2004 டிசம்பரில் வாங்கிய ஜயன்ட் என்ற சிறிய நிறுவனத்தையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். அதன் ஸ்பைவேர் எதிர்ப்பு மென்பொருள், அடுத்த மாதமே மைக்ரோசாஃப்ட் பெயரில் இலவச முன்னோட்டமாக வந்தது. பிறகு விண்டோஸ் டிஃபெண்டர் ஆனது. அந்தப் பெயர் இன்று எல்லா விண்டோஸ் கணினியிலும் இருக்கிறது. ஆனால் ஜயன்ட்டுக்குச் சந்தா கட்டியவர்களில் எத்தனை பேர் அதைத் தாங்கள் வாங்கிய பொருளாக அடையாளம் கண்டிருப்பார்கள்?

30 மார்ச்

மெக்காஃபியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

2010 ஆகஸ்ட் 19 அன்று, ஆன்ட்டிவைரஸ் நிறுவனமான மெக்காஃபியை 768 கோடி டாலருக்கு வாங்கப்போவதாகச் சிப் தயாரிக்கும் இன்டெல் அறிவித்தது. பங்கு ஒன்றுக்கு 48 டாலர்; முந்தைய நாள் விலையைவிட 60 சதவீதம் கூடுதல். பாதுகாப்பைச் சிப்பிலேயே பதித்துவிடலாம், இயங்குதளத்துக்குக் கீழே இருந்துகொண்டு ரூட்கிட்களைப் பிடிக்கலாம் என்பது திட்டம். தொழில்நுட்பமாகப் பார்த்தால் அது வெற்றுப் பேச்சில்லை. இயங்குதளத்துக்கு அடியில் ஒளிந்துகொள்ளும் ரூட்கிட்டை மேலே இருந்து தேடுவது எவ்வளவு கடினம் என்று எங்களுக்குத் தெரியும். ஐரோப்பிய ஆணையமும் அதைத் தீவிரமாகவே எடுத்துக்கொண்டது. மற்ற ஆன்ட்டிவைரஸ் நிறுவனங்களுக்கும் தன் சிப்புகளின் விவரங்கள் கிடைக்கச் செய்வதாக இன்டெல் உறுதி கொடுத்த பிறகே, 2011 ஜனவரியில் ஒப்புதல் வழங்கியது.

மென்பொருள் விற்பவர்களின் நாட்காட்டி வேறு, சிப் செய்பவர்களின் நாட்காட்டி வேறு. ஒரு சிப்பை வடிவமைத்துச் சந்தைக்குக் கொண்டுவரப் பல ஆண்டுகள் ஆகும்; வைரஸ் எழுதுபவன் மாலைக்குள் மாற்றி எழுதிவிடுவான். 2014இல் இன்டெல் செக்யூரிட்டி என்று பெயர் மாற்றினார்கள். 2016 செப்டம்பரில் நிறுவனத்தின் மதிப்பை 420 கோடி டாலர் என்று கணக்கிட்டு, டிபிஜி என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு விற்பதாக அறிவித்தார்கள். 2017இல் மெக்காஃபி என்ற பெயர் திரும்பி வந்தது. 2021இல் பெருநிறுவனங்களுக்கான பிரிவு 400 கோடி டாலருக்குத் தனியாக விற்கப்பட்டு, ஃபயர்ஐ என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் பொருட்கள் பிரிவோடு சேர்ந்து 2022இல் ட்ரெல்லிக்ஸ் ஆனது.

ஒரே ஒப்பந்தத்தைத் தொடர்ந்து புதுப்பித்துவந்த ஓர் அலுவலகத்தை நினைத்துப் பாருங்கள். பன்னிரண்டு ஆண்டுகளில் மெக்காஃபி, இன்டெல் செக்யூரிட்டி, மறுபடியும் மெக்காஃபி, கடைசியில் ட்ரெல்லிக்ஸ் என்று ரசீதின் தலைப்பு மாறிக்கொண்டே போயிருக்கும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு மின்னஞ்சல் வந்திருக்கும்.

2 ஏப்ரல்

திருத்தம். 2016இல் இன்டெல் மெக்காஃபியை முழுவதும் விற்றுவிட்டதாகத் தோன்றும்படி எழுதிவிட்டேன். டிபிஜி பெற்றது 51 சதவீதம். 49 சதவீதத்தை இன்டெல் தன்னிடமே வைத்துக்கொண்டது. 768 கோடியையும் 420 கோடியையும் அருகருகே வைத்து நட்டம் எவ்வளவு என்று சொல்லிவிட முடியாது. இடையில் சில பகுதிகள் தனியாகவும் கைமாறின.

6 ஏப்ரல்

திறந்த மூலமாக (நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம்) இருந்தால் கவலையில்லையே என்ற கருத்துக்குப் பதில்.

பெருமளவு உண்மை. மார்ட்டின் ரோஷ் 1998இல் எழுதிய ஸ்நார்ட், வலைப்பின்னலில் ஊடுருவலைக் கண்டுபிடிக்கும் மென்பொருள். அதைச் சுற்றி அவர் தொடங்கிய சோர்ஸ்ஃபயர் நிறுவனத்தை 2005இல் இஸ்ரேலின் செக்பாயின்ட் 22.5 கோடி டாலருக்கு வாங்க முன்வந்தது. அமெரிக்க அரசு அலுவலகங்களிலேயே ஸ்நார்ட் ஓடிக்கொண்டிருந்ததால், வெளிநாட்டு முதலீடுகளை ஆராயும் அமெரிக்க அரசுக் குழு தயக்கம் காட்டியது. 2006இல் செக்பாயின்ட் விலகிக்கொண்டது. அதே சோர்ஸ்ஃபயரை 2013இல் சிஸ்கோ 270 கோடி டாலருக்கு வாங்கியது. ஸ்நார்ட் இன்றும் திறந்த மூலம்தான். சோர்ஸ்ஃபயர் 2007இல் வாங்கி, அதன் வழியாகச் சிஸ்கோவின் கைக்குப் போன கிளாம்ஏவி என்ற ஆன்ட்டிவைரஸும் அப்படியே. திருப்பூர் நிகழ்வுக்குப் பிறகு எங்கள் மின்னஞ்சல் சர்வரில் நான் போட்டது கிளாம்ஏவியைத்தான். அது எத்தனையோ கைமாற்றங்களைத் தாண்டி இன்றும் அடையாளக் கோப்புகளை அனுப்பிக்கொண்டிருக்கிறது.

7 ஏப்ரல்

நேற்று எழுதியதில் ஒன்று விடுபட்டுவிட்டது. ஸ்நார்ட்டின் நிரல் எல்லோருக்கும் பொது. ஆனால் சிஸ்கோவின் ஆய்வுக் குழு எழுதும், ஊடுருவலை அடையாளம் காட்டும் விதிகள் சந்தாதாரர்களுக்கு உடனடியாகவும், பதிவு மட்டும் செய்தவர்களுக்கு 30 நாள் கழித்தும்தான் கிடைக்கின்றன. தாக்குபவனுக்கு முப்பது நாள் அவகாசம் என்பது பெரிய அவகாசம். ஆகவே திறந்த மூலம் என்றாலும், நாளைக் காலைக் கோப்பு யாரிடமிருந்து வருகிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

13 ஏப்ரல்

இதுவரை வாங்கப்பட்ட நிறுவனத்துக்கு என்ன ஆகும் என்றே பேசினோம். வாங்கியவருக்கு என்ன வந்து சேரும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சிகிளீனர், கணினியில் சேரும் வேண்டாத கோப்புகளை நீக்கும், பலருக்கும் தெரிந்த மென்பொருள். அதைத் தயாரித்த பிரிஃபார்ம் நிறுவனத்தை 2017 ஜூலையில் ஆன்ட்டிவைரஸ் நிறுவனமான அவாஸ்ட் வாங்கியது. ஆகஸ்ட் 15 அன்று சிகிளீனரின் 5.33 பதிப்பு வெளிவந்தது. முறையான சான்றிதழோடு கையொப்பமிட்டு, நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்தே இறங்கிய அந்தப் பதிப்புக்குள், வெளியாட்கள் ரகசியமாக நுழைய வழிவிடும் பின்கதவு ஒன்று இருந்தது. செப்டம்பர் 18 அன்று விஷயம் வெளியானபோது, அது 22.7 லட்சம் கணினிகளுக்குப் போயிருந்தது. அவற்றில் வெறும் 40 கணினிகளுக்கு மட்டும் இரண்டாம் கட்டத் தாக்கு நிரலை அனுப்பியிருந்தார்கள். பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களைத்தான் அவர்கள் குறிவைத்திருந்தார்கள்.

பிறகு அவாஸ்ட் நடத்திய ஆய்வில் தெரிந்தது இது: பிரிஃபார்மின் நிரலாளர் ஒருவரின் கணினிக்குள் தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் டீம்வியூவர் வழியாகத் தாக்கியவர்கள் நுழைந்தது 2017 மார்ச்சில். கையகப்படுத்தலுக்கு நான்கு மாதம் முன்பு. வீட்டை விலை பேசி, பத்திரம் பதிந்து, சாவி வாங்கிக் கொண்டபோது திருடன் ஏற்கெனவே பரணில் இருந்திருக்கிறான். வாங்கியவர் பாதுகாப்பையே தொழிலாகக் கொண்ட நிறுவனம். கணக்குப் புத்தகங்களையும் வழக்குகளையும் காப்புரிமைகளையும் துருவிப் பார்ப்பவர்கள், நிரலைத் தொகுக்கும் கணினிகளையும் அதே கவனத்தோடு துருவ வேண்டும் என்று நான் அன்றிலிருந்து யாரிடமும் சொல்லத் தவறுவதில்லை.

உங்கள் அலுவலகத்தைப் பொறுத்தவரை இதன் பொருள்: கைமாறிய முதல் ஆறு மாதங்களில் வரும் பெரிய பதிப்பை 140 கணினிகளிலும் ஒரே நாளில் ஏற்றாதீர்கள். ஐந்து கணினிகளில் போட்டு இரண்டு வாரம் கவனியுங்கள். அடையாளக் கோப்புகளை மட்டும் தாமதிக்காமல் உடனுக்குடன் ஏற்றுங்கள். இரண்டையும் தனித்தனியாகக் கட்டுப்படுத்தும் வசதி உங்கள் நிர்வாகத் திரையில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

19 ஏப்ரல்

வசதி இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நல்லது.

140 கணினி உள்ள வாடிக்கையாளரைப் பெரிய நிறுவனம் எப்படிப் பார்க்கும் என்பதற்கு 2019ஐப் பாருங்கள். சைமன்டெக்கின் பெருநிறுவனப் பிரிவைப் பிராட்காம் 1,070 கோடி டாலருக்கு வாங்கியது. உலகின் மிகப் பெரிய இரண்டாயிரம் நிறுவனங்கள் மீதே கவனம் செலுத்தப்போவதாகப் பிராட்காம் வெளிப்படையாகவே சொன்னது. அதில் பொய்யும் இல்லை, மறைப்பும் இல்லை. அது அவர்களுடைய வணிக முறை. ஆனால் அந்த இரண்டாயிரத்துக்குள் வராத அலுவலகங்கள் விலைப்புள்ளிக்காகவே வாரக்கணக்கில் காத்திருந்தன. உரிமம் முடியும் தேதி நெருங்க நெருங்க எனக்கு வந்த தொலைபேசி அழைப்புகளை நான் மறக்கவில்லை. பணத்தோடு நின்றவர்களுக்குப் பெற்றுக்கொள்ள ஆளில்லாத நிலை.

27 ஏப்ரல்

விஸ் பற்றி உங்கள் முதல் கேள்வியில் இருந்ததற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

விஸ் 2020இல் தொடங்கப்பட்டது. 2024இல் கூகுளோடு 2,300 கோடி டாலர் பேச்சு நடந்து, விஸ் மறுத்தது. இப்போது 3,200 கோடி. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. விஸ்ஸைத் தொடங்கிய அசாஃப் ராப்பபோர்ட்டும் அவருடைய நண்பர்களும் விஸ்ஸுக்கு முன்பு அடாலம் என்ற பாதுகாப்பு நிறுவனத்தை நடத்தினார்கள். 2015இல் அதை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. அடாலத்தின் தொழில்நுட்பம் மைக்ரோசாஃப்டின் கிளவுட் பாதுகாப்புப் பொருளாக இன்றும் இருக்கிறது. அதை எழுதியவர்கள் ஐந்து ஆண்டுக்குள் வெளியேறி, விஸ்ஸைக் கட்டியெழுப்பி, இப்போது கூகுளிடம் வருகிறார்கள். திறமைசாலிகளை ஒப்பந்தத்தில் சில ஆண்டுகளுக்குக் கட்டிவைக்கலாம். அதற்குப் பிறகு அவர்கள் போகத்தான் செய்வார்கள். மூன்று ஆண்டு உரிமம் வேண்டாம் என்று நான் முதல் நாளே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

அமேசான், மைக்ரோசாஃப்ட், ஆரக்கிள் கிளவுட்களிலும் விஸ் தொடர்ந்து இயங்கும் என்று கூகுள் அறிவிப்பிலேயே சொல்லியிருக்கிறது. ராவுக்கு அன்று கிடைக்காத வாக்குறுதி அது. போட்டியாளர்களின் கிளவுடில் இயங்குவதுதான் விஸ்ஸின் மதிப்பே என்பதால், அதைக் காப்பாற்றுவார்கள் என்றே நம்புகிறேன்.

4 மே

"யாரும் வாங்காத நிறுவனமாகப் பார்த்து மாறிவிடலாமா?" என்று இன்னொரு வாசகர். சென்னையில் 1991 முதல் இயங்கும் கே7 கம்ப்யூட்டிங்கும் புனேயின் குவிக் ஹீலும் இன்னும் தங்கள் காலில் நிற்கின்றன என்று அவர் எழுதியிருக்கிறார். உண்மை, நம் ஊரில் நம் ஆட்கள் வைரஸ் ஆய்வு செய்கிறார்கள் என்பதில் எனக்குப் பெருமையும் உண்டு. ஆனால் இன்று தனியாக நிற்பதை மட்டுமே காரணமாக வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். உங்கள் ஆன்ட்டிவைரஸும் மார்ச் மாதம்வரை தனியாகத்தான் நின்றது. சோதித்துப் பார்த்து, நன்றாக இருந்தால் மாறுங்கள்.

மாறுவதென்றால் ஒரு எச்சரிக்கை. 2008இல் பழைய மென்பொருளை நீக்க முயன்றபோது, ஒவ்வொரு கணினியும் கடவுச்சொல் கேட்டது. அந்தக் கடவுச்சொல்லை மாற்ற நிர்வாகத் திரை வேண்டும்; உரிமம் முடிந்ததால் திரை திறக்கவில்லை. உதவி எண் வேறெங்கோ ஒலித்துக்கொண்டிருந்தது. நானும் என்னோடு இருந்த தம்பியும் மூன்று இரவு உட்கார்ந்து, அறுபது கணினிகளையும் ஒவ்வொன்றாகச் சேஃப் மோடில் (அடிப்படை நிரல்கள் மட்டும் ஓடும் நிலை) ஏற்றி, கையால் நீக்கினோம். உரிமம் உயிரோடு இருக்கும்போதே நீக்கும் கடவுச்சொல்லைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

11 மே

விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்க வேண்டியவை: அடையாளக் கோப்புகள் எந்தத் தேதி வரை வரும் என்று உறுதி தருகிறார்கள், உரிமக் காலத்துக்குள் பொருளை நிறுத்தினால் மீதிப் பணம் திரும்ப வருமா, உங்களிடம் இருக்கும் இரண்டு லினக்ஸ் சர்வர்களுக்கும் ஆதரவு தொடருமா. தொலைபேசியில் சொல்வதை ஏற்காதீர்கள். கையெழுத்திட அதிகாரம் உள்ளவரின் கடிதம் வேண்டும்.

29 மே

உங்கள் கடிதத்தைப் படித்தேன். ஒரு ஆண்டுக்கு மட்டும் கட்டியிருக்கிறீர்கள்; சரியான முடிவு. முதல் கேள்விக்கு எழுத்தில் உறுதி கிடைத்தது, மீதிப் பணம் பற்றிய கேள்விக்கு விற்பனையாளர் மழுப்பினார், லினக்ஸைப் பற்றிய வரியைப் பதிலில் அப்படியே விட்டுவிட்டார் என்கிறீர்கள். அந்த விடுபட்ட வரியைப் பதிலாகவே எடுத்துக்கொண்டு, அந்த இரண்டு சர்வர்களுக்கும் இப்போதே கிளாம்ஏவியைப் போட்டுப் பழகத் தொடங்குங்கள். நிறுவும்போது ஏதாவது தடங்கினால் இங்கேயே எழுதுங்கள்.

திங்கள் காலை திரையைத் திறக்கும்போது பச்சைக் குறியைப் பார்க்காதீர்கள். அதற்குக் கீழே இருக்கும் தேதியை ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். இரண்டு நாளுக்கு மேல் பழையதாக இருந்தால், அன்றே எனக்கு எழுதுங்கள்.